மறந்துடுன்னு சொன்னா மறந்துடுமா?

வாசகர்களின் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

போன மாதம் தூக்கமின்மை பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூக்கத்தைப் பற்றியே இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஆளுக்கு ஒரு விதமாக ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: வேண்டாத ஒரு நினைவை நாமாக அழித்துவிட முடியுமா? அதனால் இந்த இதழில் அது மட்டும்தான். எழுதியவர்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

டாக்டர், எனக்கு 26 வயது. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. எட்டு மாசத்துக்கு முன்னாடி நைட் ஷிஃப்ட் முடிந்து நானும் ஃப்ரெண்டும் ஆளுக்கொரு பைக்கில் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். அவன் முன்னாடி போனான். ட்ரெய்லர் திரும்பும்போது உள்ளே மாட்டிக்கொண்டான், அங்கேயே முடிந்துவிட்டது. இப்பவும் ஏர் பிரேக் சத்தம் கேட்டால் கை கால் வெலவெலத்துப் போகிறது. பைக்கைத் தொடுவதில்லை. மெட்ரோவில் விம்கோ நகர் போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வீட்டில் 'அதையே நினைக்காதடா, மறந்துடு' என்கிறார்கள். நானும் அதற்குத்தான் பாடுபடுகிறேன், ஆனால் நினைக்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அதிகமாகிறது. இதை அழிக்க வழி இருக்கா? (தண்டையார்பேட்டை)

தம்பி, முதலில் நேரான பதில். நடந்ததைத் தடயமே இல்லாமல் மனதிலிருந்து எடுத்துப் போட இன்றைக்கு எந்த மருத்துவத்திலும் வழி இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன, அதைப் பிரித்துப் பார்க்கணும். ஒன்று, நண்பன் எப்படி இறந்தான் என்ற தகவல். இன்னொன்று, பிரேக் சத்தம் கேட்டவுடன் உடம்பு அந்த ராத்திரிக்கே திரும்பிப் போவது. முதலாவது போகாது. இரண்டாவது போகும், நிறைய பேருக்குப் போயிருக்கிறது, என் கண்ணெதிரே போயிருக்கிறது.

நினைக்காமல் இருக்கப் பார்த்தால் அதிகமாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் பலவீனம் இல்லை. அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் மாணவர்களை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது: இப்போது கரடியை நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கி வைத்தவர்களுக்குத்தான், ஆரம்பத்திலிருந்தே தாராளமாக நினைத்தவர்களைவிட அதிகமாக வந்தது. ஒன்றை நினைக்கக் கூடாது என்றால் அது வருகிறதா என்று மனசின் ஒரு மூலை காவல் காக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காவலே அதைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மைக்கேல் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 2001-ல் சொற்களை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்ய வைத்து, முதல் சொல்லைக் காட்டும்போது இரண்டாவது சொல்லை மனதுக்குள் வரவிடாமல் தடுக்கப் பழக்கினார். பல தடவை தடுத்த சொற்கள் பிறகு கேட்டபோது கொஞ்சம் குறைவாகவே நினைவுக்கு வந்தன. 2023-ல் அவருடைய கேம்பிரிட்ஜ் குழு, 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேருக்கு, பயமுறுத்தும் எண்ணங்களை அப்படித் தடுக்க மூன்று நாள் பயிற்சி கொடுத்தது, பலருக்கு மனநிலை தேறியது. ஆக, அடக்குவது எப்போதும் திருப்பி அடிக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் தடுத்தது, இனிமேல் நடந்துவிடுமோ என்று பயந்த விஷயங்களை. அதுவும் பயத்தைத் தூண்டும் சொல்லை நேராகப் பார்த்துக்கொண்டே செய்த பயிற்சி. ரோட்டையே சுற்றிக்கொண்டு போவது அந்தக் கணக்கில் வராது.

உண்மையில் உங்கள் பயத்தைச் சோறு போட்டு வளர்ப்பது அந்த மெட்ரோ பயணம்தான். நான் மெட்ரோவுக்கு எதிரி இல்லை, ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் 'அந்த ரோட்டில் போகாததால்தான் தப்பித்தேன்' என்று உங்கள் மூளை ஒரு பாடம் படிக்கிறது, அந்தப் பாடத்தைத் திருத்த அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

சிகிச்சை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதல் சில சந்திப்புகளில் அந்த ராத்திரியை முதலிலிருந்து கடைசிவரை, கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல் சொல்லச் சொல்வோம். யார்டு கேட்டில் டீ குடித்தது, யார் முதலில் கிளம்பினது, மழை இருந்ததா, எந்த இடத்தில் அவன் பின்விளக்கு கண்ணிலிருந்து மறைந்தது, எல்லாமே. முதல் தடவை உடம்பு உதறும். அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது உதறல் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். அப்புறம் வெளியே. ஃபோனில் பதிவு செய்த ஏர் பிரேக் சத்தத்தைக் கேட்பது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனோடு டோல்கேட் பக்கம் நின்று லாரிகளைப் பார்ப்பது, அவர் பின்னால் பைக்கில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் போவது, பிறகு நீங்களே ஓட்டுவது. ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்கணும், பாதியில் ஓடிவந்துவிடக் கூடாது. இப்படி விபத்தை மையமாக வைத்துச் செய்யும் பேச்சு சிகிச்சையையும், கண் அசைவுகளோடு செய்யும் ஈஎம்டிஆர் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

இதிலும் பழைய பயம் அழிவதில்லை. 'இந்தச் சத்தம் என்றால் சாவு' என்ற பழைய பாடத்துக்குப் பக்கத்தில் 'இந்தச் சத்தம் வெறும் சத்தம்' என்ற புதுப் பாடம் எழுதப்படுகிறது, போகப் போகப் புதுசு முந்திக்கொள்கிறது. அதனால் ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு ஒருநாள் திடுக்கென்று பழையபடி வந்தால் எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அணைந்துபோன பழக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தானாகத் தலைதூக்குவதை, ரஷ்ய ஆய்வாளர் பாவ்லவ், ஒலி கேட்டால் எச்சில் ஊறப் பழக்கிய தன் நாய்களிடமே பார்த்தார். மறுபடி அதே படிகள், இந்த முறை சீக்கிரம் இறங்கும்.

இன்னொன்று. 'அவன் முன்னாடி போனான்' என்று எழுதிவிட்டு அதைப் பற்றி மேலே ஒரு வார்த்தை இல்லை. நான் முன்னாடி போயிருந்தால் என்ற எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பயத்தைவிட அது சிலரை அதிகம் அரிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் இப்படி இருந்தாலே பார்க்க வேண்டும், உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே போங்கள்.

நான் 108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறேன். தினமும் எதையாவது பார்க்கிறேன். மனசில் பதிவதற்கு முன்னாடியே, அன்றைக்கே ஏதாவது செய்ய முடியுமா? (வியாசர்பாடி)

நல்ல கேள்வி, ஏனென்றால் பதிந்த பிறகு அழிப்பதைவிட பதியும்போது குறுக்கிடுவது சுலபம். ஒரு காட்சி நீண்டகால நினைவாகக் கெட்டிப்பட சில மணி நேரம் பிடிக்கிறது. எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரின் குழு அந்த இடைவெளியைப் பயன்படுத்திப் பார்த்தது. சாலை விபத்தில் சிக்கி ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேரில் ஒரு பாதியினரிடம், விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள், மோசமான கணத்தை ஒருமுறை நினைக்கச் சொல்லிவிட்டு டெட்ரிஸ் விளையாடக் கொடுத்தார்கள், கட்டங்களை அடுக்குவோமே, அதேதான். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு அந்தக் காட்சி தானாகக் கண்முன் வந்தது மற்றவர்களைவிட 62 சதவீதம் குறைவு. 2017-ல் வெளியான ஆய்வு. கட்டங்களைத் திருப்பி வைக்க மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அதேதான் காட்சிகளையும் பிடித்து வைக்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் அதனால் செய்ய முடிவதில்லை. என்ன நடந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை, அது அழைக்காமல் வருவதுதான் குறைந்தது. சின்ன ஆய்வு, ஒரு வாரக் கணக்கு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செலவு இல்லை, கெடுதல் இல்லை. ஷிஃப்ட் முடிந்ததும் இருபது நிமிடம் விளையாடிப் பாருங்கள்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து ஒன்றுவிடாமல் சொல்லு என்று கட்டாயப்படுத்துவது பலன் தரவில்லை, சிலருக்குக் கெடுதலே செய்தது. பேசத் தோன்றினால் பேசுங்கள், தோன்றவில்லையென்றால் வேண்டாம். தூக்க மாத்திரை போட்டு அந்த ராத்திரியைக் கடத்துவதும் வேண்டாம், அதிர்ச்சிக்குப் பிறகு காட்சிகள் இப்படித் திரும்பத் திரும்ப வரும் நோயை அவை தடுப்பதில்லை.

என் மகள் ஒரு கெட்ட சம்பவத்திலிருந்து வெளியே வர முடியாமல் தவிக்கிறாள். ஊசி, மாத்திரை, ஆபரேஷன், ஹிப்னாடிசம், ஷாக் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட முடியாதா? எவ்வளவு செலவானாலும் செய்கிறேன். (61 வயது, ராயபுரம்)

ஐயா, உங்கள் வேதனை புரிகிறது, அதனால்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இதில் காசு பறிக்க நிறைய பேர் காத்திருக்கிறார்கள்.

ஆபரேஷன். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பை நிறுத்த மூளையின் இருபக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும்வரை அவரால் புதிதாக நடந்த எதையும் நினைவில் வைக்க முடியவில்லை, சிறுவயது ஞாபகங்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஒரு நினைவு ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை, கத்தி வைத்து அதை மட்டும் எடுக்க.

ஷாக் சிகிச்சை மிகக் கடுமையான மனச்சோர்வுக்குத் தருவது, அதுவும் மயக்க மருந்து கொடுத்து. அதில் மறதி வருவது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் சிகிச்சை நடந்த வாரங்களை ஒட்டியவைதான் மங்கும். எது போகும் எது நிற்கும் என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. 'கீழ்ப்பாக்கம் கூட்டிட்டுப் போனா ஷாக் வெச்சு மறக்கடிச்சிடுவாங்க' என்று தெருவில் பேசுவதை நம்பி மகளைப் பயமுறுத்திவிடாதீர்கள்.

ஹிப்னாடிசத்தில் எனக்கு உண்மையான பயம் இருக்கிறது. அழிப்பதற்குப் பதில் இல்லாததைச் சேர்த்துவிடும் ஆபத்து அதில் உண்டு. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் ஹிப்னாடிசமே கிடையாது, 'சின்ன வயதில் கடைத்தெருவில் தொலைந்து போனாய்' என்று வீட்டார் சொன்னதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். நடக்கவே நடக்காத அதை, 24 பேரில் கால்வாசிப் பேர் முழுசாகவோ அரைகுறையாகவோ 'ஞாபகம்' வைத்திருந்தார்கள்.

மாத்திரைதான் சுவாரசியமானது. 2000-ல் கரீம் நாதெர், ஜோசஃப் லெடூ என்ற மூளை ஆய்வாளர்களின் குழு எலிகளிடம் ஒன்றைக் கண்டுபிடித்தது. ஒரு ஒலி, உடனே மின்அதிர்ச்சி என்று பழகிய எலி, அடுத்து அந்த ஒலியைக் கேட்டாலே உறைந்து நிற்கும். ஒலியைக் கேட்க வைத்துப் பயத்தை நினைவூட்டி, உடனே மூளையில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால், பிறகு அந்தப் பயம் வெகுவாகக் குறைந்தது. நினைவூட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. அதாவது ஒரு நினைவை வெளியே எடுக்கும்போது அது காயாத சிமெண்ட் மாதிரி கொஞ்ச நேரம் இளகியிருக்கிறது, மறுபடி இறுகுவதற்குள் அதில் கைவைக்க முடியும். அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்க முடியாது. அதனால் நெதர்லாந்தில் மெரல் கிண்ட் 2009-ல், படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் நம் ஊரிலும் எழுதித் தரும் புரொப்ரனலால் மாத்திரையை வைத்துச் சோதித்தார். சிலந்திப் படம் வந்தால் ஷாக் அடிக்கும் என்று பழகியவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டும் சமயத்தில் இந்த மாத்திரை. மறுநாள் படம் வந்தபோது, ஷாக் வரலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் உடம்பு திடுக்கிடவில்லை.

தகவல் தங்கியது, பயம் போனது. பிறகு செய்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே பலன் கிடைக்கவில்லை, அதனால் இன்னும் வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. மகளுக்கு இப்போது உதவக்கூடியது மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன பேச்சு சிகிச்சைதான், மனச்சோர்வும் கூட இருந்தால் அதற்கான மாத்திரைகள். அதற்கு உங்கள் சேமிப்பைக் கரைக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

2004 சுனாமியில் என் மகன் போனான். இத்தனை வருஷம் கழித்தும் டிசம்பர் வந்தால் கடல் பக்கம் போக மாட்டேன், சாப்பாடு இறங்காது. மருமகள் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, வைத்தியம் பார்த்தால் அவனை மறந்துவிடுவேனோ என்று. (58 வயது, திருவொற்றியூர்)

மாட்டீர்கள் அம்மா. அப்படி ஒரு வைத்தியமே கிடையாது, இருந்தாலும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பலருக்கு நடப்பதைச் சொல்கிறேன்: அந்த ஒரு நாள் காலை மற்ற எல்லா நாளையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது, மகன் என்றாலே அலைதான் ஞாபகம் வருகிறது. அந்தக் காலையைப் பற்றிப் பேசப் பேச, அதற்கு முந்தைய வருடங்கள் திரும்பக் கிடைக்கின்றன, அவன் என்ன கேட்டு அடம்பிடித்தான், எந்தக் குழம்பு பிடிக்கும், யாரைக் கிண்டல் செய்வான் என்பதெல்லாம். மருமகள் சொல்வதைக் கேளுங்கள், முடிந்தால் நவம்பரிலேயே போய்விடுங்கள்.

லவ் ஃபெயிலியர். அவள் ஃபோட்டோ எல்லாம் டெலிட் பண்ணிட்டேன், ஆனாலும் மறக்க முடியல. (19 வயது, கொருக்குப்பேட்டை)

டெலிட் செய்தது சரி. நினைவூட்டும் பொருள் குறைந்தால், எடுத்துப் பார்க்கப்படாத ஞாபகம் தானாக மங்கும், இது சாதாரண மறதியின் வழி. அவள் ஸ்டேட்டஸைத் தினமும் பார்த்தால் மட்டும் அந்த வழி அடைபடும். காலம் கொடுங்கள், சாப்பிடுங்கள், சாயங்காலம் ஃபுட்பால் ஆடப் போங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மட்டும் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஒன்பது வயதில் உறவுக்காரர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்தார். அம்மாவிடம் சொன்னபோது 'யார்கிட்டயும் சொல்லாத, மறந்துடு' என்றார். இப்போது எனக்கு 29 வயது. போன போகிக்கு, எல்லாவற்றையும் பேப்பரில் எழுதி எரித்துவிடு, போய்விடும் என்று தோழி சொன்னாள். எழுதி எரித்தேன். போகவில்லை. (பெரம்பூர்)

உங்களுக்கு முன்னால் ஒருவர் இதையே செய்து பார்த்திருக்கிறார். ரஷ்யாவில் ஷெரெஷெவ்ஸ்கி என்று ஒரு மனிதர், எதையுமே மறக்க முடியாதவர். அலெக்சாண்டர் லூரியா என்ற உளவியலாளர் அவரைப் பல வருடங்கள் கவனித்து எழுதியிருக்கிறார். மேடையில் நினைவாற்றல் காட்டிப் பிழைத்தவருக்கு, முந்தைய மேடை நிகழ்ச்சிகளில் பார்த்த எண் வரிசைகள் எல்லாம் வந்து மொய்க்கும். காகிதத்தில் எழுதித் தூக்கிப் போட்டார், கடைசியில் எரித்தார். கருகிய காகிதத்திலும் அந்த எண்கள் அவருக்குத் தெரிந்தன.

ஆனால் நீங்கள் எழுதினீர்கள் பாருங்கள், அது வீண் இல்லை. 1986-ல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர், மாணவர்களை நான்கு நாட்கள் தினம் 15 நிமிடம் தங்கள் வாழ்வின் மிக மோசமான அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதிய நாட்களில் மனசு கனத்தது, ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. பலன் எழுதியதில், எரித்ததில் இல்லை. ஆனாலும் குழந்தைப் பருவத்தில் நடந்ததைத் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம், இதில் பயிற்சி உள்ள ஒருவர் துணையோடு எழுதுங்கள், அல்லது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பயந்துதான் சொல்லியிருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனால் 'மறந்துடு' என்ற சொல் ஒரு குழந்தையின் காதில் 'இனிமேல் இதை நீ தனியாகச் சும' என்றுதான் விழுகிறது. இருபது வருடமாகச் சுமந்திருக்கிறீர்கள். நடந்ததில் உங்கள் தப்பு ஒரு துளிகூட இல்லை, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். இதைப் படிக்கும் பெற்றோருக்கும்: பிள்ளை வந்து சொன்னால் நம்புங்கள், அந்த ஆளைப் பக்கத்தில் விடாதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். மறக்கச் சொல்லாதீர்கள்.

கடலில் ஃபைபர் படகு கவிழ்ந்ததில் என் வீட்டுக்காரர் கண்ணெதிரே அவருடைய மச்சான் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் குடி. குடித்தால்தான் மறந்து தூங்க முடிகிறது என்கிறார். (காசிமேடு)

குடித்தால் மறப்பது, குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நடப்பவற்றைத்தான் அம்மா. நேற்று ராத்திரி உங்களிடம் போட்ட சண்டை அவருக்கு ஞாபகம் இருக்காது, மச்சான் முகம் அப்படியே இருக்கும். சீக்கிரம் தூக்கம் வருவது உண்மை, ஆனால் பாதி ராத்திரியில் போதை இறங்கும்போது தூக்கம் கலையும், கெட்ட கனவு கூடும், பழைய பயத்துக்குப் பக்கத்தில் புதுப் பாடம் எழுதும் வேலையும் நடக்காது. அதனால் அவருடைய துக்கம், முதல் வாரம் எப்படி இருந்ததோ அதே சூட்டில் இன்னும் இருக்கிறது.

குடியையும் அந்தச் சம்பவத்தையும் சேர்த்தே வைத்தியம் பார்க்கணும். அவரைத் திட்டி ஸ்டான்லிக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மச்சான் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள், வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுக்காமல் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர் வரவில்லையென்றால் முதலில் நீங்கள் மட்டும் போய் டாக்டரிடம் பேசுங்கள். ஒன்று மட்டும் கவனம்: தினமும் நிறைய குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, ஆள் தெரியாத குழப்பம் வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. சாமி மேல் சத்தியம் வாங்கி வீட்டிலேயே நிறுத்த வைக்காதீர்கள், டாக்டர் மாத்திரை கொடுத்துப் படிப்படியாக நிறுத்தட்டும்.